போனவர்களும் இருந்தவர்களும்

காரைக்கால் என்றவுடன் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது மாங்கனித் திருவிழா. ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிப் பிட்சாடனர் ஊர்வலம் வரும்போது, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் புடவைத் தலைப்பை ஏந்திப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தபடி ஞாபகம் வருவது பக்கத்திலுள்ள திருநள்ளாறு. சனீசுவர பகவானிடம் நமக்கெல்லாம் இருக்கும் பயபக்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் போனதோ மார்கழி மாதத்தில். மாம்பழமும் இல்லை, சனிப்பெயர்ச்சியும் இல்லை. கூட்டம் இல்லாத காலத்தில் ஒரு ஊரைப் பார்ப்பதுதான் ஊரைப் பார்ப்பது என்பது என் அபிப்பிராயம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரையும், கோணல் இல்லாத நேர் வீதிகளையும் பார்த்துக்கொண்டு சாவகாசமாக நடக்கலாம். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிய 1962 ஆகஸ்டு ஆயிற்று. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனாலும் நிர்வாகம் புதுச்சேரியோடு.

ஊரைச் சுற்றிப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்லுகிறேன். காரைக்கால் புறப்பட்டுப் போகிறவர்களின் ஊர். காரைக்கால் அம்மையார் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். புனிதவதியாரின் கணவன் பரமதத்தன், மனைவி கையில் மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்டு அரண்டு போய், வியாபாரம் என்று சொல்லிக் கப்பல் ஏறினான். திரும்பி வந்து பாண்டிய நாட்டில் வேறு குடித்தனம் போட்டான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தானாம். வைத்து என்ன பிரயோசனம்? பிற்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரமாயிரமாய் ஜனங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அதற்கும் பிறகு சைகோனுக்கு உத்தியோகத்திற்குப் போனவர்கள் உண்டு. இன்றைக்குப் பாரிஸ்.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், எனக்கு அத்தை முறை. அவருடைய மகன் குடும்பத்தோடு பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அத்தையையும் அங்கேயே வந்துவிடச் சொல்லி நாலு வருஷமாக வற்புறுத்துகிறார்.

"போய்ப் பாத்துட்டுத்தாம்மா வந்தேன். டிசம்பர் மாசம். அஞ்சு மணிக்கே இருட்டிப் போவுது. காலையில எட்டரை மணி வரைக்கும் விடியல. அந்த இருட்டு எனக்கு ஆவாது. இங்கேயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார் அத்தை. சொன்ன பிறகு சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்க் காபி கலந்து கொண்டு வந்தார்.

இந்தப் பயணத்தில் என்னோடு வந்திருந்தான் என் தங்கையின் பேரன். எட்டு வயது. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு அறுபத்து மூவர் பெயர் தெரியாது; டைனோசார்களின் பெயர் அறுபத்து மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அலை திரும்பும்போது விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வரும் சின்னஞ்சிறு பறவைகளைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளான் என்போம். அவற்றிலே மிகச் சிறியதற்குக் கொசு உள்ளான் என்று பெயர். எடை இருபது, இருபத்தைந்து கிராம். ஒரு கைப்பிடி அவல் கூட இராது. அந்தப் பொடிப் பறவை கோடையில் கூடு கட்டுவது ருஷ்யாவின் வடகோடியில், துருவப் பிரதேசத்தில். அங்கே பனி இறங்குவதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வந்துவிடுகிறது. தெற்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் உள்ள கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாக இம்மாதிரிப் பறவைகளின் காலில் வளையம் போட்டு, எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கணக்கெடுத்து வருகிறார்கள்.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். பறவைகள் டைனோசார் வம்சத்தில் வந்தவை என்பது அவனுக்கு முன்பே தெரியும். சற்று யோசித்து ஒரு கேள்வி போட்டான்.

"பெரிய பாட்டி, அந்தத் துருவத்துல முன்னாடி டைனோசார் இருந்துச்சே, அதுக்கு றெக்கை இல்லையே. குளிர்காலம் வந்தா அது எங்கே போகும்?"

பதில் தேடப் போய், நான் எங்கெங்கோ போக வேண்டியதாயிற்று.

முதலில் அலாஸ்கா. அமெரிக்காவின் வடமேற்குக் கோடி. அதன் வட சரிவில் கோல்வில் என்ற நதி ஓடுகிறது. 1961-ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் நிலவியலார் ராபர்ட் லிஸ்கம் என்பவர் அந்த நதிக்கரையில் பாறைகளைப் பரிசோதித்துக்கொண்டு போகையில் பெரிய எலும்புகளைக் கண்டார். எடுத்து அனுப்பி வைத்தார். மறு வருஷமே ஒரு பாறைச் சரிவில் அகப்பட்டு அவர் இறந்து போனார். எலும்புகள் கம்பெனியின் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தன. 1980-களில்தான் அவை டைனோசாரின் எலும்புகள் என்று தெரிந்தது. தாம் கண்டெடுத்தது என்ன என்பதை அறியாமலே போய்விட்டார் அந்த மனிதர்.

வாத்தின் அலகைப் போன்ற வாயுடைய, முப்பது அடி நீளம் வளரக்கூடிய, இலை தழை தின்னும் பிராணி அது. எட்மாண்டோசாரஸ் என்ற இனத்தையும் அதன் நெருங்கிய உறவையும் சேர்ந்தது. அது வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று அந்த இடம் இன்றைக்கு இருப்பதைவிட இன்னும் வடக்கே, அநேகமாகத் துருவத்தின் வாசற்படியிலே இருந்தது. இன்றைய உறைபனி அன்று இல்லை. வருஷத்துச் சராசரி வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் அளவு இருக்கும் என்கிறார்கள். நம் கணக்கில் அது குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம். குளிர்கூடப் பெரிதில்லை, இருட்டுதான் பெரிது. சுமார் நான்கு மாத காலம் சூரியனே கிடையாது. சூரியன் இல்லாவிட்டால் செடி துளிர்க்காது. மரங்களும் இலை உதிர்த்துவிடும். இலையை நம்பிப் பிழைக்கும் முப்பதடிப் பிராணி என்ன செய்யும்?

"தெற்கே கிளம்பிப் போயிருக்கும்" என்றார்கள். 1980-ல் ஸ்மித்ஸோனியனைச் சேர்ந்த நிக்கொலஸ் ஹாட்டன் என்ற ஆராய்ச்சியாளர், துருவத்து டைனோசார்கள் சூரியனைத் தொடர்ந்து பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்ந்திருக்கும் என்று எழுதினார். அதற்கு நியாயமும் இருந்தது. அலாஸ்காவில் கிடைத்த மாதிரிப் பிராணிகளே வெகு தூரம் தெற்கே, கானடாவின் ஆல்பர்ட்டாவிலும் கிடைத்தன. இன்றைக்கும் வடதேசத்துப் பனிமான்கள் மந்தை மந்தையாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கின்றன. ஆயிரக்கணக்கான டைனோசார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கும் காட்சி, சினிமாக்காரர்களுக்கும் சித்திரக்காரர்களுக்கும் அல்வா மாதிரி கிடைத்தது. விடுவார்களா?

இந்த இடத்தில் நம் டெல்டாக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆட்டு மந்தைகள் நடந்தே தஞ்சாவூர்ப் பக்கம் வரும். வயலில் கிடை போடுவார்கள். பெரிய ஆடுகள் நடந்துவிடும். பிறந்த குட்டி நடக்குமா? அதைக் கூடையில் வைத்தோ, தோளில் போட்டோ, வண்டியில் ஏற்றியோ கொண்டு வருகிறான் கிடைக்காரன். டைனோசார் தாய்க்குக் கூடை ஏது, வண்டி ஏது?

ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. அலாஸ்காவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை குட்டிகளுடையவை. 2001-ல் அந்தோணி ஃபியோரில்லோ, ரோலண்ட் கங்க்லாஃப் என்ற இருவர், இவ்வளவு சின்னக் குட்டிகள் அத்தனை தூரம் நடந்திருக்க முடியாது என்று வாதித்தார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குட்டிகள் தெற்கே பிறந்து, கொஞ்சம் வளர்ந்த பிறகு வடக்கே வந்திருக்கலாம் அல்லவா என்றார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று.

இங்கேதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு பெயர் வந்தது. அனுசூயா சின்சாமி-டுரான். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியை. சின்சாமி! நாம் எழுதினால் சின்னசாமி. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், நம்மவர் பெயர்களை அங்கிருந்த குமாஸ்தாக்கள் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். முதலி 'மூட்லி' ஆனது அந்த நாட்டிலேதான். அப்படிப்பட்ட பெயர் தாங்கிய ஒரு பெண்மணி, டைனோசார் எலும்பைப் படிப்பதில் உலகத்தில் முன்னணியில் நிற்கிறார். 2005-ல் தென்னாப்பிரிக்காவின் சிறந்த பெண்மணி விருது பெற்றவர். குழந்தைகளுக்காகவும் ஆப்பிரிக்க டைனோசார்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

அவருடைய வித்தை என்னவென்றால், கல்லாகிப்போன எலும்பை மெல்லிய சீவலாகச் சீவுவது. ஒளி ஊடுருவும் வரையில் தேய்த்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்ப்பது. மரத்தைக் குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையம் தெரிகிறதல்லவா? அதுபோல எலும்பிலும் வளர்ச்சி எழுதியிருக்கிறது. நல்ல தீனி கிடைத்து மளமளவென்று வளர்ந்த காலம் ஒரு மாதிரி இருக்கும். வயிறு காய்ந்து வளர்ச்சி மந்தப்பட்ட காலம் வேறு மாதிரி இருக்கும். 2012-ல் அவரும் ஃபியோரில்லோ முதலிய சகாக்களும் அலாஸ்கா எட்மாண்டோசாரஸின் எலும்பையும், தெற்கே ஆல்பர்ட்டாவில் கிடைத்த எட்மாண்டோசாரஸின் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தெற்கத்தியதில் வளர்ச்சி ஒரே சீராக இருந்தது. வடக்கத்தியதில் வரி வரியாக மாறி மாறி இருந்தது. ஆண்டுதோறும் ஒரு கஷ்டகாலம் வந்து போன அடையாளம். சூரியனைத் தேடிப் போயிருந்தால் அந்த வரி ஏன் விழுகிறது? ஆகவே அவை எங்கும் போகவில்லை, இருட்டிலேயே இருந்தன என்று முடிவு கட்டினார்கள்.

எனக்கு அதைப் படித்ததும் மனசுக்குள் என்னவோ செய்தது. பட்டினி கிடந்த மாதங்கள் எலும்பில் எழுதியிருக்கின்றன. 7 கோடி வருஷம் கழித்து ஒருவர் அதைப் படிக்கிறார்.

வழக்கில் மீதி இருந்த சந்தேகத்தைத் தீர்த்தது மற்றொரு கண்டுபிடிப்பு. இது நம் சமையற்கட்டு வேலையைப் போன்றது. அலாஸ்கா பல்கலைக்கழகத்து பேட்ரிக் ட்ரக்கன்மில்லரும் கூட்டாளிகளும் கோல்வில் நதிக்கரை மண்ணைப் பத்து வருஷத்துக்கு மேல் அள்ளி வந்து, சல்லடையில் அலசி, மிஞ்சிய மணலை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிப் பார்த்தார்கள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய அனுபவமுள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். குண்டூசித் தலை போன்ற பற்களும் நூலிழை போன்ற எலும்புகளும் அகப்பட்டன. முட்டைக்குள்ளேயே இருந்த அல்லது அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுடையவை! ஒரு ஜாதியல்ல, ஏழு வகை டைனோசார்களுடையவை; இலை தின்பவையும் உண்டு, அவற்றைத் தின்பவையும் உண்டு. 2021-ல் இது வெளியாயிற்று. துருவத்துக்கு விருந்தாளியாக வரவில்லை. அங்கேயேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன.

இதோடு ஒரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். நம் வீட்டுக் கோழிக்கு அடைகாலம் 21 நாள். வாத்துவாய் டைனோசாரின் உறவான ஒரு பிராணியின் கருவிலிருந்த பற்களில் நாளுக்கு ஒன்றாக விழும் நுண்ணிய வரிகளை எண்ணி, 2017-ல் கணக்கிட்டார்கள். அது முட்டைக்குள் இருந்த காலம் சுமார் 171 நாள். ஏறக்குறைய ஆறு மாதம்! வெயில் வந்ததும் முட்டையிட்டாலும் குஞ்சு வெளியே வரும்போது கோடை முடிந்து போயிருக்கும். பிறகு அந்தப் பச்சைக் குழந்தையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போவதற்கு நேரம் எங்கே, கால் எங்கே?

தொலைபேசியில் இதைக் காரைக்கால் அத்தைக்கு விவரமாகச் சொன்னேன். "இதுக்கு இத்தனை ஆராய்ச்சியாம்மா? முட்டையைக் காப்பாத்திக்கிட்டிருக்கிறவ எங்கே போவா?" என்று கேட்டுவிட்டார்.

அப்படியானால் இருட்டில் எதைத் தின்றன? கிளை, மரப்பட்டை, இற்றுப்போன மரம், பெரணி, நீரோரத்துக் குதிரைவால் பூண்டு, இப்படிக் கிடைத்ததைத் தின்று காலம் தள்ளியிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். (நாம் உப்புமா கிளறும் குதிரைவாலி வேறு, இது வேறு.) சின்னப் பிராணிகள் சில வளைக்குள் முடங்கி உறங்கியும் இருக்கலாம்.

டைனோசார்கள் எதுவுமே இடம் பெயரவில்லை என்று நினைத்துக்கொண்டுவிடக் கூடாது. நீண்ட கழுத்துடைய கமராசாரஸ் என்ற ஒன்று, அமெரிக்காவில் வறட்சிக் காலத்தில் சமவெளியை விட்டு முன்னூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டு நிலத்துக்கு நீர் தேடிப் போய் வந்ததை அதன் பல்லில் தங்கிய ஆக்சிஜனைக் கொண்டு 2011-ல் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் இல்லையென்றால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? காவிரியை நம்பியிருக்கும் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

"இதற்கும் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் காலடியிலேயே இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நம்முடைய கிழக்குக் கரை அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரும் இந்தக் கடற்கரை, அன்று தென் துருவத்தின் அண்டை வீடு. இரண்டும் பிரிந்தபோது விழுந்த பள்ளத்திலேதான் காவிரிப் படுகையே உருவாயிற்று. 1960-களிலிருந்து எண்ணெய் தேடித் துளை போட்டவர்கள், பூமிக்கடியில் தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினப் பள்ளம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். மேலே காரைக்கால்மேடு என்று ஒரு மீனவக் கிராமம்; அடியில் வெகு ஆழத்தில் பாறையாலான இன்னொரு காரைக்கால் மேடு. மேலேயுள்ள மேட்டுக்காரர்களுக்குக் கீழேயுள்ள மேட்டின் சமாசாரம் தெரியுமோ என்னவோ.

அண்டார்க்டிகாவோடு அப்படி ஒட்டிக்கொண்டிருந்த மற்றொரு தேசம் ஆஸ்திரேலியா. அதன் தென் கரையில், அந்நாளில் தென் துருவ வட்டத்துக்குள் இருந்த பாறைகளில், டாம் ரிச், பட்ரீஷியா விக்கர்ஸ்-ரிச் என்ற தம்பதிகள் சின்னச் சின்ன இலைதின்னி டைனோசார்களைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்றுக்குத் தங்கள் மகள் லெயெலினின் பெயரையே வைத்து 'லெயெலினாசாரா' என்றார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தப் பாறைகளில் கிடைத்த எலும்புகளைச் சீவிப் பார்த்தவரும் நம் சின்சாமிதான், அது 1998-ல். சிறிய இலைதின்னிகளின் எலும்பில் வளர்ச்சி நின்ற கோடே இல்லை. வருஷம் முழுவதும் விழித்திருந்து வளர்ந்திருக்கின்றன. உடன் இருந்த மற்றொரு ஜாதியின் எலும்பில் கோடுகள் இருந்தன. அது குளிர்காலத்தில் உறங்கியிருக்கலாம் என்றார். ஒரே ஊர், ஒரே குளிர். ஆனால் வீட்டுக்கு வீடு ஏற்பாடு வேறு!

காரைக்காலிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் அரியலூர். அங்கே பாறைகள் வெளியே தலை காட்டுகின்றன. டைனோசார் காலத்தின் கடைசிப் பகுதியில் அங்கே கடல் அலையடித்தது. கல்லமேடு என்ற இடத்தில் மிகப் பெரிய இலைதின்னி ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியலார் இருவர் 1980-களில் அதற்குப் 'பிருஹத்காயோசாரஸ்', அதாவது பேருடல் படைத்தது, என்று பெயர் சூட்டினார்கள். உலகிலேயே பெரிய பிராணியாக இருந்திருக்குமோ என்றுகூடப் பேச்சு உண்டு. சரிபார்க்கலாமென்றால் எலும்பு இல்லை. மழையில் நனைந்து பொடிப் பொடியாக உதிர்ந்து போய்விட்டது! கோடிக்கணக்கான வருஷம் கிடந்தது, வெளியே வந்தபின் நம்முடைய அடைமழையைத் தாங்கவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்காலுக்கு நாகூர் வழியாக ரயில் உண்டு. கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பஸ் நிறைய உண்டு. பறவைகளுக்காகப் போவதானால் மார்கழி, தை மாதங்கள் உத்தமம். விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். அரசலாற்று முகத்துவாரத்தைப் பார்த்த பிறகு இன்னொரு நாள் ஒதுக்கிக் கோடியக்கரைக்கும் போய் வாருங்கள். பூநாரைகள் வந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பங்குனி, சித்திரைக்குள் கொசு உள்ளான்கள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும்.

பையனுக்கு இந்தப் பதில்களையெல்லாம் நாலு பக்கக் கடிதமாக எழுதிப் போட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. முதல் வரியிலேயே அடுத்த கேள்வி: "பெரிய பாட்டி, நாலு மாசம் இருட்டா இருந்தா, அம்மா டைனோசாருக்குத் தன்னோட குட்டி எதுன்னு எப்படித் தெரியும்?"